மூடாத முனை

மாட்டுத்தாவணி ஸ்டாண்டில் வண்டிக்குக் கொடுத்த
தகர வில்லையில் ஏழு.
அதே ஏழை ரயில்வே ஸ்டேஷன் ஸ்டாண்டில் நீட்டினால்
வேறு யாருடைய வண்டியோ வரும்,
இல்லையென்றால் வசவு வரும்.

ப்ராசஸ்களும் இப்படித்தான்.
ஒவ்வொன்றுக்கும் தன் ஸ்டாண்டு, தன் வில்லைகள்.
பூஜ்யம், ஒன்று, இரண்டு பிறக்கும்போதே கையில்:
கேட்க ஒரு காது, பேச ஒரு வாய்,
புலம்ப இன்னொரு வாய்.
அப்புறம் திறப்பதெல்லாம் மூன்றிலிருந்து.

இரவு இரண்டேகால். இலந்தைக்குளம்.
நான்காம் மாடியில் நானும் ஏசியும்.
பூ மார்க்கெட்டுக்கு விலை சொல்லும் சர்வரை
விடியுமுன் மாற்றியாக வேண்டும்.
கமிஷன் கடைகள், நிலக்கோட்டை, உசிலம்பட்டி, திருமங்கலம்,
இருநூற்றுப் பன்னிரண்டு இணைப்புகள்.
ஒன்றுகூட அறக்கூடாது.
பழையது சாக வேண்டும், அதன் வாசலில்
அதே நொடி புதியது நிற்க வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில்
எண்ணை மட்டும் எழுதி அனுப்பியவள் நான்.
ஏழு, என்று.
புதியதின் ஏழு அதன் லாக் ஃபைல்.
அன்றைய மல்லி விலை முழுக்க
லாகுக்குள் கொட்டியது, யாருக்கும் கேட்காமல்.
என்னோடு சேர்ந்த தௌலத் விழுந்து விழுந்து சிரித்தாள்.
"டோக்கனைப் போட்டோ எடுத்து அனுப்புனா
வண்டி தானா வந்துருமாடி?"

வராது.
யூனிக்ஸ் சாக்கெட் வழியே
சும்மாவேனும் ஒரு பைட் எழுதி
அதன் மடிப்பில் வில்லையைச் செருக வேண்டும்.
கெர்னல் பிரித்துப் பார்க்கும்.
அந்தப் பக்கம் போய்ச் சேரும்போது
ஏழு, பதினொன்றாகியிருக்கும்.
எண் மாறும். வண்டி அதேதான்,
பெட்ரோல் முள் நின்ற இடம்கூட.

எனக்குப் பிடித்தது நடுவில் இருக்கும் கணம்.
கொடுத்தது கையை மூடிக்கொண்டுவிட்டது.
வாங்குவது இன்னும் கை நீட்டவில்லை.
எவர் கணக்கிலும் இல்லாத ஒரு வாசல்,
ஆனாலும் சாத்தவில்லை;
வந்தவர்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

இரண்டரைக்கு அனுப்பினேன்.
இருநூற்றுப் பன்னிரண்டும் போய்ச் சேர்ந்தன.
பழையது செத்தது.
கணக்கெழுதும் ப்ராசஸ் மட்டும்
பைப்பின் வாயில் காதை வைத்துக் கிடந்தது.
முடிந்தது என்று அதற்குத் தெரிய வேண்டும்.
எழுதும் முனை எல்லாம் மூடினால்தான் தெரியும்.
மூன்று.
மூன்றேகால்.

யார் பிடித்துக்கொண்டிருப்பது?
பட்டியல் எடுத்தேன், வரி வரியாக இறங்கினேன்.
பேக்கப் எடுக்கவென்று
எப்போதோ ஃபோர்க் ஆன பிள்ளை ஒன்று,
பெற்றதன் வில்லை அத்தனையும்
மடியில் கட்டிக்கொண்டு கிளம்பியிருக்கிறது.
பன்னிரண்டாம் எண்ணில் அந்த முனை.
அதில் ஒரு எழுத்தும் எழுதியதில்லை.
தன்னிடம் இருப்பதே தெரியாது.
மூடவும் இல்லை.
பிடிவாதம் என்று நினைத்துவிட்டேன். மறதிதான்.

அதுவும் என்னுடைய மறதி.
க்ளோஸ்-ஆன்-எக்ஸெக், ஒற்றைக் கொடி,
போன ஆடியில் அவசரத்தில் விட்டது.
திட்டிக்கொண்டே கில் அடித்தேன்.
கணக்கு ஒரு மூச்சு விட்டு எழுந்து போனது.

மூன்று ஐம்பதுக்கு மாயழகு ஃபோன்.
"மாத்திட்டீங்களாக்கா?"
"மாத்தியாச்சு. அங்க ஒண்ணும் நிக்கலையே?"
"மாத்துனதே தெரியலக்கா. மல்லி எண்ணூத்தி நாப்பது,
பிச்சி சரிஞ்சிருச்சு."
யாரோ கூப்பிட, கட் பண்ணாமல்
சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

சாக்கு இழுபடுகிறது.
எடை மெஷின் கத்துகிறது.
மினி லாரி ஒன்று பின்னால் வருகிறது.
ஒரு பெண் குரல்:
"தண்ணியத் தெளிக்காதடா, எடைக்கா தெளிக்கிற?"

சிவப்புப் பொத்தான் என் கட்டைவிரலுக்குக் கீழே.
அவன் மூடப்போவதில்லை.
இந்த முனை என்னுடையது,
இன்று இரவு இதைப்பற்றி எனக்குத் தெரியாததில்லை.

ஆறு நிமிடம் நாற்பது நொடி.
நாற்பத்தொன்று.